சர்க்கரையோடு ஒரு சாதாரண நாளைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சர்க்கரை நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து நடத்தும் சிறிய குழு எங்களுடையது. நவம்பர் 14 உலக நீரிழிவு நாள்; அந்த மாதம் வந்தால் உறுப்பினர்களிடம் ஒன்றே ஒன்று கேட்போம்: ஒரு சாதாரண நாளை, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, போனில் படம் எடுத்து அனுப்புங்கள். வந்தவற்றை அச்சடித்து மாட்டுவோம். இன்சுலின் போடும் டைப் 1 காரர்கள், மாத்திரையோடு ஓட்டும் டைப் 2 காரர்கள், பிள்ளைக்காக எடுக்கும் பெற்றோர் என்று எல்லோரும் அனுப்புகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் பள்ளி நாளிலிருந்து இன்சுலின் போடுபவள், மருத்துவர் இல்லை. மருந்தின் அளவைக் கூட்டுவது குறைப்பது பற்றி இங்கே எதுவும் கிடையாது. அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

தினமும் நடப்பதுதானே, இதில் படம் எடுக்க என்ன இருக்கிறது?

தினமும் நடப்பதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. சர்க்கரை நோய் என்று தேடினால் என்ன படங்கள் வருகின்றன பாருங்கள். கறுத்துப்போன கால்விரல், சர்க்கரைக் கட்டிக் குவியல், ஆப்பிளைச் சுற்றிய இஞ்ச் டேப், சர்க்கரை பார்க்கும் மீட்டரை நீட்டிச் சிரிக்கும் மாடல். ஒரு பக்கம் பயமுறுத்தும் படம், இன்னொரு பக்கம் விளம்பரப் படம். நடுவில் வாழ்கிற நாம் எதிலும் இல்லை.

2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. பெரியவர்களில் 11.4 சதவீதம். இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு இருந்தும், ஒரே வீட்டில் பல வருடம் கூடவே இருப்பவருக்குக்கூட, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும் நம் தலைக்குள் ஓடும் கணக்கு தெரியாது. காலையில் எவ்வளவு இருந்தது, இப்போது எத்தனை இட்லி, ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, சாயந்திரம் நடக்கிற வேலை இருக்கிறதா. டாக்டர் சில மாதத்துக்கு ஒரு தடவை சில நிமிடம் பார்க்கிறார். மிச்ச நேரமெல்லாம் இந்த வேலையைப் பார்ப்பது நாம்தான். அந்த வேலை மற்றவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தப் படங்கள்.

ஏன் நவம்பர் 14?

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பான்டிங் பிறந்த நாள் அது. அவர் பிறந்தது 1891-ல். 1991-ல் உலக நீரிழிவு நாளாகத் தொடங்கியதை ஐ.நா. சபை 2006 டிசம்பரில் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டது.

படம் எடுப்பவர்கள் இதையொட்டித் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 1922 ஜனவரி 11-ல் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அந்த மருந்து அவ்வளவாகச் சுத்தமில்லை, சரியாகப் பலன் தரவில்லை. மேலும் சுத்தப்படுத்தி 23-ந் தேதி மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. அடுத்த சில மாதங்களில் மருந்து மற்ற ஊர்களுக்கும் போயிற்று. அந்தக் காலத்து இரண்டு படங்கள் இன்றும் புத்தகங்களில் வருகின்றன. 1922 டிசம்பரில் தாயின் கையில் எலும்பும் தோலுமாக ஒரு 3 வயதுக் குழந்தை. எடை 7 கிலோகூட இல்லை. 1923 பிப்ரவரியில் அதே குழந்தை கன்னம் உப்பி உட்கார்ந்திருக்கிறது; 13 கிலோ. இன்சுலின் என்ன செய்யும் என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவை அந்தப் படங்கள்.

ஆனால் அந்த இரண்டு மாதத்துக்கு நடுவில் ஒரு வீடு இருந்திருக்கும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, சாப்பாட்டை நிறுத்துப் போட்டு, குழந்தையின் சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் காய்ச்சி, நீலம் பச்சையாகிறதா செங்கல் நிறமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த யாரோ அங்கே இருந்திருப்பார்கள். அவர்கள் செய்த வேலை அந்த இரண்டு படங்களில் இல்லை. நாங்கள் கேட்பது அந்த நடுப்பகுதியைத்தான்.

எந்த நாளில் எடுப்பது? 14-ந் தேதியேதான் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். அந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள் போதும். தீபாவளி, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி போகும் நாள் மூன்றையும் விட்டுவிடுங்கள். வேலைக்குப் போகும் செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு நாளை எடுத்தால் நன்றாக வரும்.

என்னென்ன எடுக்க வேண்டும்? பட்டியல் இருக்கிறதா?

பட்டியல் கொடுத்துப் பார்த்தோம். எல்லோரும் ஒரே மாதிரி மீட்டர், ஊசி, தட்டு என்று அனுப்பினார்கள். இப்போது கொடுப்பதில்லை. ஆனாலும் எங்கே பார்ப்பது என்று சொல்லலாம்.

உங்கள் விரல்களைப் பாருங்கள். குத்திக் குத்தி நுனியின் ஓரத்தில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்கள். முட்டை வைக்கும் குழியில் ஒரு முட்டை, ஒரு இன்சுலின் குப்பி, பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழம். கைப்பையின் அடியில், ரத்தத் துளி வைத்து மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப், பயன்படுத்தினது ஒன்று கிடக்கும். சட்டைப் பையைத் துவைக்கும்போது ஒன்று வரும், பஸ் டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு ஒன்று வரும். ஆபீஸ் மேஜை டிராயரில் யாரும் தொடக்கூடாது என்று வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலம். வயிற்றில் ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தடித்துப்போன இடம். (அந்தத் தடிப்பில் போட்டால் இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது, இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.)

அப்புறம் காத்திருப்பு. எனக்கு மிகவும் பிடித்த படங்கள் அதைப் பற்றியவைதான். ஊசி போட்டாயிற்று, சாப்பிட இன்னும் நேரம் இருக்கிறது. பரிமாறின தட்டு ஆறிக்கொண்டிருக்கிறது, எதிரே கடிகாரம். வீட்டில் மற்றவர்கள் பாதி சாப்பிட்டிருப்பார்கள். ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடிக்கும்போது ஒருவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரின் 5 நொடிக்காகக் காத்திருக்கிறார். இதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

மற்றவர் கைகளையும் விடாதீர்கள். "சாப்பிட்டியா, ஊசி போட்டியா" என்று கேட்டபடி கதவருகே நிற்கும் அம்மா. ராத்திரி 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் பிள்ளையின் விரலைக் குத்திப் பார்க்கும் அப்பா. அந்தப் படத்துக்கு ஃபிளாஷ் போடாதீர்கள். போனை ஏதாவதொன்றில் சாய்த்து வைத்து, அறையின் சிறிய விளக்கிலேயே எடுங்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

மீட்டரில் 260 வந்திருக்கிறது. அதைப் போய் எப்படிக் காட்டுவது?

அப்படியே காட்டுங்கள். அது பரீட்சை மார்க் கிடையாது. அந்த நிமிடத்தில் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற செய்தி, அவ்வளவுதான். மாதவிடாய், காய்ச்சல், தூக்கமின்மை, விடிகாலையில் உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோன்கள், எல்லாமே அதை ஏற்றும். ஒரு தப்பும் செய்யாமலே ஏறும்.

ஒரு நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்பக் குத்திப் படம் எடுக்காதீர்கள். ஸ்ட்ரிப்புக்கும் காசு, விரலுக்கும் வலி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேச அளவுகோலே, 100-க்கு மேல் உள்ள எண்களில் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பதை அனுமதிக்கிறது. ஒரே நிமிடத்தில் இரண்டு விரலில் 148, 161 என்று வந்தால் மீட்டர் கெட்டுவிட்டதென்று அர்த்தமில்லை. கையில் சென்சார் ஒட்டியிருப்பவர்களுக்கு அது காட்டும் எண்ணும் விரலில் வரும் எண்ணும் ஒத்துப்போகாது. சென்சார் பார்ப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை; ரத்தத்தைவிட அது சில நிமிடம் பின்தங்கித்தான் மாறும்.

மீட்டர் திரை படத்தில் விழமாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது ஃபிளாஷ்; அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரையில் வெள்ளைத் திட்டுதான் தெரியும். இரண்டாவது, மேலே எரியும் டியூப்லைட்டே திரையில் பளபளக்கும். மீட்டரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். ரொம்பவும் சாய்த்தால் இந்தச் சாம்பல் நிறத் திரைகளில் எண் மறைந்துவிடும். போன் திரையில் எண் இருக்கும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். மூன்றாவது, மிக அருகில் போவது. போன் கேமராவால் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்க முடியாது. ஒரு முழம் பின்னால் வந்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

ராத்திரி வீட்டு விளக்கில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் அதனால் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன; கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போனில் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், கோடு போய்விடும்.

ரத்தத் துளியை எடுக்க வேண்டுமா? சிலருக்குப் பார்க்க முடியாதே.

கட்டாயமில்லை. எடுத்தால், எப்படியும் குத்தப் போகிற நேரத்தில் எடுங்கள். படத்துக்காகத் தனியாகக் குத்த வேண்டாம். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துவதே நல்லது, அங்கே வலி குறைவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கின கையோடு பார்த்தால், விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

சர்க்கரை இறங்கி லோ ஆகும்போது படம் எடுக்கலாமா? அதுதானே உண்மையான படம்?

கூடாது. இதில் எங்கள் குழு விட்டுக்கொடுப்பதே இல்லை.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் முதல் வேலை வாயில் ஏதாவது போடுவது. 15 கிராம் அளவுக்கு, அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரத்துக்கு அது உதவாது. லோவில் கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும், யோசனை குழம்பும். "இதோ ஒரு படம் எடுத்துவிட்டுக் குடிக்கிறேன்" என்று நினைப்பதுகூட அந்தக் குழப்பத்தின் பகுதியாக இருக்கலாம்.

கூட இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். போனைக் கீழே வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரியான பிறகு எடுக்க எவ்வளவோ இருக்கிறது. சமையலறை மேடையில் சிந்திய சர்க்கரை, அதில் அதற்குள் ஏறிவிட்ட எறும்பு, கழுவாத டம்ளர், நனைந்து முதுகில் ஒட்டின சட்டை. லோ வந்துபோனபின் ஒரு மணி நேரம் உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை எங்களுக்கு அனுப்பினவர்கள் குறைவு. யாராவது முயன்று பாருங்கள்.

எனக்கு டைப் 2, மாத்திரை மட்டும்தான். என் நாளில் காட்ட என்ன இருக்கிறது?

நிறைய. டீக்கடையில் "ரெண்டு டீ, ஒண்ணு வித்தவுட்" என்று சொன்னதும் மாஸ்டர் தனியாக எடுத்துவைக்கும் அந்த ஒரு கிளாஸ். காலை, இரவு என்று எழுதி அம்மா ஒட்டின மாத்திரை டப்பா. விடியுமுன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களின் செருப்புகள். ரேஷன் அரிசிச் சோற்றுக்கும் கேழ்வரகுக் களிக்கும் நடுவில் தினமும் நடக்கும் பேரம். விருந்துக்குப் போன வீட்டில் "இது நாட்டுச் சர்க்கரைதான், ஒண்ணும் செய்யாது" என்று இலையில் விழும் பாயசம். (செய்யும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.)

மாத்திரைதானே என்று உங்கள் நாளைக் குறைத்து எடைபோடாதீர்கள். நம் ஊரில் பெரும்பாலானோர் வாழ்வது உங்கள் நாளைத்தான்.

பாதத்தையும் எடுக்கச் சொல்கிறீர்கள். எதற்கு?

இது கலைக்காக இல்லை. சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது, மதிய வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் மூட்டு வலியும் தொப்பையும் உள்ள 60 வயதுக்காரரால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடிவதில்லை. போன் கேமராவால் முடியும்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். எதிரே நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்து டைமர் போடுங்கள், அல்லது பேரப்பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சம், இரண்டு பாதமும் ஒரே படத்தில், பிறகு விரல் இடுக்குகள் தனியாக. பெரிதாக்கிப் பாருங்கள்: வெடிப்பு, சிவப்பு, வெள்ளையாக ஊறிப்போன தோல், செருப்பு வார் அழுத்தின தடம். ஒவ்வொரு வாரமும் ஒரே கோணத்தில் எடுத்தால் போன வாரம் இல்லாதது இந்த வாரம் இருப்பது பளிச்சென்று தெரியும். புண், கொப்புளம், நிற மாற்றம் எது இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்; அடுத்த வாரப் படத்தோடு ஒப்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்தப் படங்களை எங்களுக்கு அனுப்ப வேண்டிய அவசியமில்லை. உங்களிடம் இருந்தால் போதும்.

இன்சுலினையும் ஊசியையும் எடுக்கும்போது என்ன கவனம் வேண்டும்?

நல்ல வெளிச்சம் என்று குப்பியை வெயிலில் வைத்துவிட்டுக் கோணம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்ததை அறை வெப்பத்தில், பெரும்பாலும் நான்கு வாரம் வரை வைக்கலாம். சரியான கணக்கு பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். நம் சித்திரை வெயிலில் அறை வெப்பமே 35-ஐத் தாண்டுவதால், ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, உள்ளே குப்பியை வைப்பார்கள். அப்படி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் படம் எடுங்கள். இன்னொரு வீட்டுக்கு அது அப்படியே உதவும்.

சிரிஞ்சையும் குப்பியையும் சேர்த்து எடுத்தால் இரண்டிலும் உள்ள எண் தெரியட்டும். இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும் வருகின்றன, 100 யூனிட் உள்ளவையும் வருகின்றன. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், கோட்டில் தெரிவதைவிட இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறும். உங்கள் படத்தைப் பார்த்து ஒருவர் தன் வீட்டு மூடியைத் திருப்பிப் பார்த்தால்கூடப் போதும்.

போட்ட ஊசியை மூடி திருகும் கெட்டியான டப்பாவில் சேர்த்து வையுங்கள். படத்தின் அழகுக்காக மெத்தையில் பரப்பி வைத்து எடுப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

என் பெண்ணுக்கு 9 வயது, டைப் 1. அவளை எடுத்து அனுப்பலாமா?

அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால் ஊசி போடும்போது அவள் முகம் சுளிப்பதை எடுக்காதீர்கள். அதைப் பார்ப்பவர்கள் "அய்யோ பாவம்" என்பார்கள். அந்த வார்த்தையை அவள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பாள்.

அதைவிட நல்ல வழி, போனை அவள் கையில் கொடுப்பது. எங்களுக்கு வந்த படங்களில் குழந்தைகள் எடுத்தவை தனியாகத் தெரியும். எல்லாமே இடுப்பு உயரத்திலிருந்து. ஒரு பையன் வகுப்புத் தோழர்களின் டிபன் பாக்ஸ்களை வரிசையாக எடுத்திருந்தான், கடைசியில் தன்னுடையது. ஒரு சிறுமி தன் கையில் ஒட்டியிருக்கும் சென்சாரைச் சுற்றிப் பூ வரைந்து எடுத்திருந்தாள். முகமும் பள்ளிப் பெயரும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று 9 வயதில் சரி என்றவள் 19 வயதில் வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது நீக்கிவிட வசதியாக இப்போதே பார்த்து வெளியிடுங்கள்.

கல்யாணம் ஆகாத பெண் நான். வெளியில் தெரிந்தால் வரன் போய்விடும் என்கிறார் அம்மா.

உங்கள் அம்மாவின் பயம் பொய்யில்லை. நம் ஊரில் டைப் 1 பெண்களுக்கு நடப்பது எனக்கும் தெரியும். எல்லோரும் வெளியே சொல்லியே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கையை மட்டும் எடுங்கள், பொருளை மட்டும் எடுங்கள், பெயரில்லாமல் அனுப்புங்கள், அனுப்பாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் அது உங்கள் படம்தான்.

எங்களுக்கு வந்தவற்றில் என்னால் மறக்க முடியாத படம் பெயரில்லாமல்தான் வந்தது. ஒரு குளியலறை. சோப்பு வைக்கும் பலகையில் துணி சோப்பு, ஷாம்பூ பாக்கெட், அதன் பின்னால் பாதி மறைத்து வைத்த, பேனா போன்ற இன்சுலின் ஊசி. ஈரச் சுவரில் வெளிச்சம் மேலே உள்ள சின்ன வென்டிலேட்டரிலிருந்து விழுகிறது. "மாமியார் வீடு, காலை 7.40" என்று மட்டும் கீழே எழுதியிருந்தது. எந்த வீட்டில் இருந்தாலும் ஊசியை மட்டும் விடாதீர்கள். டைப் 1-ல் ஒரு நாள் இன்சுலினை நிறுத்தினாலே உடம்பில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். யாரிடமாவது, ஒரே ஒருவரிடமாவது, சொல்லி வையுங்கள்.

படத்துக்குக் கீழே ஏதாவது எழுத வேண்டுமா?

ஆமாம், இரண்டு வரி. 1990-களின் தொடக்கத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களையே எடுக்கச் சொன்னார்கள். பிறகு உட்கார்ந்து, எடுத்தவர்களே தங்கள் படத்தைப் பற்றிப் பேசினார்கள். இன்றும் பல நாடுகளில் நோயாளிகளோடு வேலை செய்பவர்கள் இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். படத்தை எடுத்தவரின் சொல்லோடு பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கும் சரியாகப் படுகிறது. மணி என்ன, அப்போது மனதில் என்ன இருந்தது, அவ்வளவு போதும். தத்துவம் வேண்டாம். "பாஸ் மீட்டிங் முடிக்கவில்லை, பசிக்கிறது, 82" என்று ஒருவர் எழுதியதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

சாப்பாட்டுப் படங்கள் டாக்டருக்கு உதவுமா?

உதவும், ஒழுங்காக எடுத்தால். "ரெண்டு இட்லி" என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. ஒரு வீட்டு இட்லி இன்னொரு வீட்டு இட்லியைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். எப்போதும் ஒரே தட்டு, நேர் மேலிருந்து, பக்கத்தில் ஒரு ஸ்பூன். சாப்பிடும் முன் ஒன்று, எழுந்த பிறகு ஒன்று. இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தால் அந்த எண்ணையும் சேர்த்து எடுங்கள். கணக்கில் வராதவைதான் முக்கியம்: பதினொரு மணி காபி, வழியில் வாங்கின சுண்டல், பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை. டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ மொத்தத்தையும் நீட்டாதீர்கள். புரியாத ஏற்றம் இருந்த நாலைந்து வேளைகளை மட்டும் காட்டினால் அவர்களால் நின்று பார்க்க முடியும்.

கிளினிக்கிலும் லேபிலும் எடுக்கலாமா?

முதலில் அனுமதி கேளுங்கள். காத்திருக்கும் மற்றவர்கள் முகம் விழக்கூடாது. ரிப்போர்ட்டை எடுத்தால் பெயர், நோயாளி எண், பார்கோடு மூன்றையும் மறைத்துவிடுங்கள். போனில் இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் படத்துக்குள் உங்கள் வீட்டு இருப்பிடமும் சேர்ந்தே போகும்.

வருடாந்தரக் கண் பரிசோதனையும் இதில் சேருமா?

சாதாரண நாள் இல்லைதான், ஆனாலும் சேர்த்துக்கொள்கிறோம். சர்க்கரை உங்கள் உடம்பில் என்ன செய்கிறது என்பதை நேராகக் காட்டும் புகைப்படம் அங்கேதான் எடுக்கப்படுகிறது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஆரஞ்சுப் பின்னணியில் சிவப்புக் கிளைகளாகத் தெரியும் படம் அது. கசிவு, ரத்தப் புள்ளி எல்லாம் பார்வை மங்குவதற்கு வெகு முன்பே அதில் தெரிந்துவிடும். அதனால்தான் நன்றாகத் தெரியும்போதே போக வேண்டும் என்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. உங்கள் விழித்திரைப் படத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள். கண்ணின் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. வண்டி ஓட்டாதீர்கள், ஒருவரைக் கூட்டிப் போங்கள். அந்த நேரத்தில் உங்களால் படம் எடுக்கவும் முடியாது. கூட வந்தவர் எடுக்கட்டும்.

காலையில் ஆர்வமாகத் தொடங்கி மதியத்தோடு விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டுமா?

வேண்டாம். மதியம் வரை எடுத்ததை அனுப்புங்கள். எங்கே நின்றது, ஏன் நின்றது என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். விருந்தாளி வந்துவிட்டார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல், சர்க்கரை 300-ல் நின்று தலைவலி, எடுக்கவே பிடிக்கவில்லை, எதுவானாலும் சரி. மற்ற படங்களோடு அந்த வரியையும் அப்படியே அச்சடித்து மாட்டுவோம்.